அம்மாவின் கூலியையும் எழுதுங்கள், தம்பி

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 31. சொந்த ஊர் கோத்தகிரிக்குக் கீழே ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஏக்கர் தேயிலையை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு 6,200 கிலோ பச்சைத் தேயிலை கொடுத்தோம். சராசரியாகக் கிலோவுக்கு 17 ரூபாய் கிடைத்தது. உரம், மருந்து 21,000. பறிக்க வெளியாள் கூலி 34,000 (ஒரு நாளைக்கு 400). இலை ஏற்றும் வண்டிக்கு 6,200. சில்லறைச் செலவு 4,000. கையில் நின்றது 40,200 ரூபாய்.

ஒருவர் கேரட் போட நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 25,000 தருவதாகவும், செடிகளைத் தன் செலவிலேயே பிடுங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். "கென்யாக்காரனோடும் அசாம்காரனோடும் சிறு விவசாயி இனிப் போட்டி போட முடியாது" என்றுதான் ஊரில் பேச்சு. அம்மா வாயே திறக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஆண்டுக்கு 130 நாளுக்குக் குறையாமல் அவரே இலை எடுக்கிறார். என்ன முடிவு எடுப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கணக்கை மூன்று முறை படித்தேன். ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது. அதுவும் கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதிய வரிதான்: அம்மா 130 நாள் இலை எடுக்கிறார். அந்த 130 நாளும் செலவுப் பட்டியலில் இல்லை.

உங்கள் கம்பெனியில் ஒரு பனியனுக்கு விலை சொல்லும்போது நூல், சாயம், பொத்தான், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தையல் கூலியை மட்டும் விட்டுவிடுவீர்களா? அந்த விலைக்கு ஆர்டர் எடுத்தால் கம்பெனி ஆறு மாதம் தாங்காது என்பது உங்களுக்கே தெரியும். ஊரில் தேயிலைக் கணக்கு மட்டும் இப்படித்தான் போடப்படுகிறது. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த காலத்திலும், ஓய்வுக்குப் பிறகு மேட்டுப்பாளையத்தில் விவசாயிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் இந்த ஆண்டுகளிலும் நான் பார்த்த சிறு தேயிலைக் கணக்குகளில் பெரும்பாலானவற்றில் வீட்டுப் பெண்களின் உழைப்பு இருந்த இடம் வெற்றுக் கட்டம்தான். எனக்கு இது வெறும் கணக்குப் பிழையாகத் தெரியவில்லை. மனத்தை வருத்தும் விஷயம்.

சேர்த்துப் பார்ப்போம். 130 நாள், 400 ரூபாய்: 52,000. உங்கள் 65,200-உடன் கூட்டினால் மொத்தச் செலவு 1,17,200. அதை 6,200 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ இலைக்கு 18 ரூபாய் 90 காசு அடக்கம், அதாவது உற்பத்திச் செலவு, வருகிறது. நீங்கள் விற்றதோ 17 ரூபாய்க்கு. கிலோவுக்கு 1 ரூபாய் 90 காசு நட்டம். அந்த நட்டத்தை யார் கட்டினார்கள்? அம்மா கட்டினார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தால் அவருக்கு நாளுக்கு 400 கிடைத்திருக்கும். சொந்தத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது 309.

இனி, போட்டி என்ற சொல்லுக்கு வருகிறேன். சிறு விவசாயியால் முடியாது என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையல்ல. இந்தியாவில் விளையும் தேயிலையில் பாதிக்கு மேல் இன்று சிறு விவசாயிகளின் இலைதான். 25 ஏக்கர் வரை வைத்திருப்பவரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்கிறது. உங்களைப் போல ஓரிரு ஏக்கர்காரர்கள்தான் நீலகிரியில் அதிகம். பெரிய எஸ்டேட்டுக்குத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் என்று எத்தனையோ பொறுப்புகள் உண்டு. வால்பாறையில் போய்ப் பாருங்கள், ஓர் ஊரையே எஸ்டேட் நடத்த வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு கிடையாது. மேற்பார்வைக்குச் சம்பள ஆளும் இல்லை. அந்த வகையில் சிறியவர் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சாதகத்தில் ஒரு பகுதி, அம்மாவின் எழுதப்படாத 52,000 ரூபாயில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

கென்யாவைச் சொன்னீர்கள். அங்கே தேயிலையில் பாதிக்கு மேல் விளைவிப்பவர்கள் யார் தெரியுமா? 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள். பலருக்கு ஒரு ஏக்கர்கூட இல்லை, உங்களைவிடச் சிறியவர்கள். 1964-இல் அரசு தொடங்கிய தேயிலை மேம்பாட்டு அமைப்பு அவர்களை ஒன்றுசேர்த்தது. 2000-இல் அது விவசாயிகளின் கம்பெனியாக மாறியது. இலை போகும் தொழிற்சாலைகளில் விவசாயிகளே பங்குதாரர்கள். மாதாமாதம் இலைக்கு ஒரு முன்பணம் வரும்; ஆண்டு முடிவில், தூள் என்ன விலைக்குப் போனதோ அதைப் பார்த்து இரண்டாவது பணம் வரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் ஆண்டு முடிவில் அந்தப் பலன் பறித்தவர் வீட்டுக்கே வரும் என்பதால் அப்படிப் பறிக்கிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய மழையும் அவர்களுக்குத் துணை. அங்கும் விலைக் குறைகளும் சண்டைகளும் இருக்கின்றன. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளவு சிறியது என்பதால் அவர்கள் தோற்கவில்லை.

நம்மிடம் என்ன நடக்கிறது? 2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூள் விற்ற பணம் விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் பங்கு பிரிகிறது. 65 பங்கு உங்களுக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகம் மாதாமாதம் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. ஓர் உதாரணம்: ஏலத்தில் தூள் சராசரி 110 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள். 110-இல் 65 சதவீதம் 71 ரூபாய் 50 காசு; அதை நாலால் வகுத்தால் கிலோ இலைக்கு ஏறக்குறைய 17 ரூபாய் 90 காசு. ஏலத்தில் தூள் பத்து ரூபாய் ஏறினால் உங்கள் இலைக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே ஏறும், அவ்வளவுதான். ஏலவிலையை நீங்களும் நானும் ஏற்ற முடியாது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போனதும், தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்து வீடுகளில் அடுப்பெரியாமல் போனதும் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

இதில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. சராசரி விலை என்பதால், நல்ல கொழுந்து கொண்டுவருபவருக்கும் முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்து அறுத்துக் கொண்டுவருபவருக்கும் பல இடங்களில் ஒரே விலை. அப்படியிருக்க, யார்தான் பார்த்துப் பறிப்பார்கள்? எல்லோரும் எடைக்கே பறிக்கிறார்கள், தூளின் தரம் இறங்குகிறது, ஏலத்தில் விலை இறங்குகிறது, அடுத்த மாதச் சராசரியும் இறங்குகிறது.

நான் வங்கியில் இருந்தபோது ஒரு மாலை, இலை எடை போடும் கொட்டகையில் நின்றிருந்தேன். காலை பத்து மணிக்குப் பறித்த இலை, பிளாஸ்டிக் சாக்கில் காலால் மிதித்து அடைத்து, வண்டிக்காக ஐந்து மணி வரை வெயிலில் கிடந்தது. சாக்கின் வாயை அவிழ்த்து நடுவில் கையை விட்டேன். வெந்நீரில் விட்டது போலச் சூடு. எடுத்துப் பார்த்தால் கொழுந்து ஓரத்தில் செம்பு நிறம். தொழிற்சாலைக்குப் போகும் முன்பே அந்த இலை பாதி வெந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பாட்டி வலைப்பையில் தளர்வாக வைத்து, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வைத்திருந்தார். அவர் இலை பச்சென்று, தொட்டால் குளிர்ந்து இருந்தது. ஏஜெண்ட் இரண்டையும் ஒரே தராசில் போட்டு, ஈரத்துக்கென்று இரண்டு பேரிடமும் ஒரே கழிவு பிடித்து, ஒரே விலை எழுதினார். அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்த முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆகவே விலையை விடுங்கள், அடக்கத்துக்கு வாருங்கள். உங்கள் கணக்கில் உரம் கிலோவுக்கு 3 ரூபாய் 40 காசுதான். வண்டி ஒரு ரூபாய். பறிக்கும் கூலிதான், அம்மாவையும் சேர்த்து, 13 ரூபாய் 87 காசு. எல்லாமே அங்கேதான் இருக்கிறது. வெளியாள் 85 நாள், அம்மா 130 நாள், மொத்தம் 215 நாளில் 6,200 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 29 கிலோ. இது குறைவு. பறிப்பவர்கள் சோம்பேறிகள் என்று பொருளில்லை. ஒரு கைப்பிடிக் கொழுந்துக்கு அவர்கள் நடக்கும் நடை அதிகம். அப்பா போன பிறகு கவ்வாத்து, அதாவது செடியை மட்டமாக வெட்டிவிடுவது, செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டாகக் கவ்வாத்து இல்லையென்றால் செடி இடுப்பைத் தாண்டியிருக்கும். அம்மா கையைத் தூக்கித் தூக்கிப் பறிப்பார். மேலே பாதி மொட்டுகள் வளராமல் உறங்கிக் கிடக்கும். நடுநடுவே செத்துப்போன செடிகளின் காலியிடம் வேறு. நூறு செடி நிற்க வேண்டிய இடத்தில் எண்பது நின்றால், களை எடுப்பதும் நடப்பதும் நூறுக்கு, இலை வருவது எண்பதுக்கு.

இந்த 29 கிலோவை 36 கிலோ ஆக்கினால் பறிப்புச் செலவு 13.87-இலிருந்து 11.11-க்கு இறங்குகிறது. முழு அடக்கம் 16 ரூபாய் 14 காசு. அதே 17 ரூபாய் விலையில், அம்மாவுக்கு முழுக் கூலி 400 கொடுத்த பிறகும் கிலோவுக்கு 86 காசு மிஞ்சும். பெரிய பணமில்லைதான். ஆனால் தோட்டம் அம்மாவின் முதுகில் நிற்காமல் தன் காலில் நிற்கும்.

எப்படிச் செய்வது? முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் கவ்வாத்து செய்யாதீர்கள். நாலாகப் பிரித்து, ஆண்டுக்கு அரை ஏக்கர். வெட்டிய பகுதியில் மூன்று நாலு மாதம் இலை வராது. 500 கிலோ, அதாவது எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போலக் குறையும். அதோடு வெட்டும் கூலியும் உண்டு. இதை உங்கள் சம்பளத்திலிருந்து ஈடுகட்டுங்கள், அம்மாவின் கையிலிருந்து எடுக்காதீர்கள். பனி இறங்கும் பள்ளத்துப் பகுதியென்றால் உறைபனி மாதங்களைத் தவிர்த்து மழையைப் பார்த்து வெட்டுங்கள். வெட்டும் ஆண்டிலேயே மண்ணைப் பரிசோதியுங்கள். குன்னூரில் உபாசியின் (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) வேளாண் அறிவியல் மையத்தை அணுகலாம். தேயிலைக்கு மண்ணின் கார அமில அளவு நாலரை முதல் ஐந்தரை வரை இருக்க வேண்டும். பல ஆண்டு யூரியாவையே போட்ட நிலங்களில் அது கீழே இறங்கி, போடும் உரம் செடிக்கு எட்டாமல் வீணாகிறது. டோலமைட் சுண்ணாம்பு போட வேண்டுமா என்பதைப் பரிசோதனைச் சீட்டு சொல்லும். காலியிடங்களை அதே அரை ஏக்கரில் நிரப்பிவிடுங்கள்.

கத்தரி வைத்து அறுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். கத்தரியில் ஆளொன்றுக்கு இலை எடை கையைவிடப் பல மடங்கு வரும், உண்மை. எப்போதும் கத்தரியே என்றால் முற்றிய இலை கூடும், செடி களைத்துப்போகும். கொழுந்து பொங்கி ஆள் கிடைக்காமல் திண்டாடும் மாதங்களில் மட்டும் கத்தரி, மற்ற சுற்றுகளில் கை என்று மாற்றி மாற்றிப் போவதுதான் என் யோசனை. கைப்பறிப்பில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று தவறக் கூடாது. மூன்று வாரம் விட்டுப் பறித்தால் எடை இருக்கும், கொழுந்து இருக்காது.

அடுத்தது, தனியாகப் போகாதீர்கள். உங்கள் ஒருவரின் நல்ல இலை, நாற்பது பேரின் இலையோடு வண்டியில் கலந்துவிட்டால் யாருக்கும் பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரே தரத்தில் பறித்து, ஒரே வண்டியாகக் கொண்டுபோனால், கொழுந்துக்குக் கூடுதல் விலை தரும் தொழிற்சாலையோடு நேரே பேசலாம். அப்படித் தரும் தொழிற்சாலைகள் குறைவு, தேட வேண்டும். சுய உதவிக் குழுவாகப் பதிவு செய்தால் இலைக் கொட்டகை, தராசு, வண்டி போன்றவற்றுக்குத் தேயிலை வாரியத்தின் உதவித் திட்டங்கள் உண்டு. குன்னூர் அலுவலகத்தில் இப்போது எது நடைமுறையில் இருக்கிறதென்று கேளுங்கள். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வின் கீழ் 16 தொழிற்சாலைகள் இருக்கின்றன. உங்கள் பகுதித் தொழிற்சாலையில் அப்பா உறுப்பினராக இருந்தாரா, பங்கு அம்மா பேருக்கு மாறியதா என்று பாருங்கள். உறுப்பினர் கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேட்பதும் உங்கள் உரிமை.

சிலர் உங்களிடம் வீட்டிலேயே கைத்தேயிலை செய்து ஆன்லைனில் கிலோ இரண்டாயிரத்துக்கு விற்கலாம் என்பார்கள். கோத்தகிரிப் பக்கம் அப்படிச் சிறப்பாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தனித் தொழில். செய்முறை கற்கவும் உரிமம் எடுக்கவும் வாங்குபவரைப் பிடிக்கவும் முழுநேரமும் ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். திருப்பூரில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

இனிக் கேரட். இரண்டு ஏக்கருக்கு 50,000 ரூபாய், அம்மாவும் வெயிலில் நிற்க வேண்டாம். இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் குத்தகைதான் ஜெயிக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் குத்தகைக்காரர் கேட்பது நிலத்தை மட்டுமல்ல, செடியைப் பிடுங்கும் உரிமையை. தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் நிற்பது. பிடுங்கியபின் திரும்ப வேண்டுமென்றால் நாற்று, குழி, கூலி எல்லாம் புதிதாக, இலைக்கு மூன்று நாலு ஆண்டு காத்திருப்பு. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் ஒரு மாதம் தங்கம், மறுமாதம் மூட்டைக் கூலிக்கே கட்டாத விலை. நான் தினமும் அந்த மண்டியைத் தாண்டித்தான் நடக்கிறேன். விலை விழுந்தால் குத்தகைக்காரர் அடுத்த பருவம் வர மாட்டார்; உங்களிடம் இருப்பது வெறும் சரிவு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. வேர் பிடித்த சரிவைக் கிளறிப்போடுவதற்கு முன் கீழே யார் வீடு இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், அந்த மலையில் ஒரு காலத்தில் சிறு விவசாயிகள் பெரும்பாலும் போட்டது உருளைக்கிழங்கும் காய்கறியும்தான். உருளையில் நூற்புழு இருப்பது 1961-இல் கண்டறியப்பட்டது. விலையும் நிலையில்லாமல் நட்டம்மேல் நட்டம் பட்டவர்கள் பலர்தான் பிறகு தேயிலை நட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்ததா என்று அம்மாவைக் கேளுங்கள்.

என் முடிவான யோசனை இது. செடியைப் பிடுங்க விடாதீர்கள். இரண்டு ஆண்டு கொடுங்கள். கவ்வாத்து, காலியிடம், சுற்று ஆகிய மூன்றையும் செய்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 34, 35 கிலோவைத் தொட்டுவிட்டால் தொடருங்கள். தொடவில்லையென்றால், அல்லது அதற்கு முன்பே அம்மா முடியவில்லை என்றால், தேயிலையைத் தேயிலையாகவே பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விடுங்கள். ஐம்பதாயிரம் வராது, குறைவாகத்தான் வரும். செடி நிற்கும், சரிவு நிற்கும், நாளை உங்கள் மனமோ விலையோ மாறினால் திரும்பி வர வழியிருக்கும். இந்த இரண்டு ஆண்டும் அம்மாவின் 130 நாளுக்கு மாதாமாதம் அவர் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் கூலி போடுங்கள். தோட்டத்துப் பணம் பற்றாத மாதத்தில் உங்கள் பணத்திலிருந்து போடுங்கள். அப்போதுதான் தோட்டம் எவ்வளவு தருகிறது, நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள் என்பது பிரிந்து தெரியும்.

அம்மா வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "விற்கலாமா, குத்தகையா" என்று கேட்டிருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது வேறு மாதிரி கேளுங்கள்: எந்த வரிசையில் கொழுந்து நன்றாக வருகிறது, எங்கே ஏற முடியவில்லை, முழங்கால் எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கத்தை முதலில் கவ்வாத்து செய்யலாம். கூடவே நடந்து ஒரு பகுதியில் நூறு செடி இடத்தை எண்ணி, எத்தனை காலி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீங்களும் கூடை கட்டிப் பறித்து, மாலையில் எத்தனை கிலோ என்று தராசில் பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் அம்மா சொன்னதையும் எழுதி அனுப்புங்கள். எந்த அரை ஏக்கரிலிருந்து தொடங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.